பழனி அடிவாரத்தில் இத்தனை மடங்கள் எப்படி வந்தன?

கேட்டவர் காங்கயம் பக்கத்துக்காரர். பழனி அடிவாரத்தில் அவர்கள் ஊருக்கென்று ஒரு பழைய மடம், அதாவது சாமி கும்பிட வருகிறவர்கள் தங்கும் இடம், இருக்கிறது. ஓட்டுக்கூரை, கல்தூண், பின்கட்டில் ஒரு சேந்துகிணறு. கமிட்டியார் அதை இடித்துவிட்டு மூன்று மாடிக்கு ஏசி அறைகள் கட்டலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய கேள்விகள் இவை: பழனியில் மட்டும் ஊருக்கு ஒன்று, சமூகத்துக்கு ஒன்று என்று ஏன் இத்தனை மடங்கள்? அவை யார் செலவில் நடந்தன? ராஜாக்கள் காலத்துச் சத்திரங்கள் எல்லாம் எங்கே போயின? இடிப்பதற்கு முன்னால் என்ன பார்க்க வேண்டும்?

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முன்னால் உள்ள மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் என்னிடம் இருக்கிறது. ஒரு சத்திரமோ மடமோ நின்றதும் விழுந்ததும் அதன் அடுப்புக்கு வருஷா வருஷம் விறகும் அரிசியும் கொடுத்தது யார் என்பதைப் பொறுத்தது. சுவரைக் கட்டியவர் பெயர் கல்லில் இருக்கும். அடுப்பை எரிய வைத்தவர் பெயர் கணக்கு நோட்டில்தான் இருக்கும், அதுவும் கரையான் விட்டுவைத்திருந்தால்.

பழனி இன்று திண்டுக்கல் மாவட்டம், 1985 வரை மதுரை மாவட்டம். அதனால் அதைப் பாண்டிநாட்டுக் கணக்கில் வைப்பவர்கள் நிறைய. பழைய பிரிவினையில் அது கொங்கு 24 நாடுகளில் ஒன்றான வையாபுரி நாடு. அருணகிரிநாதரும் கொங்கு வைகாவூர் நாட்டில்தான் ஆவினன்குடியை வைத்துப் பாடுகிறார். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் இருந்த வட்டாரம் இது. இன்னொன்றும் கவனியுங்கள். திருமுருகாற்றுப்படை சொல்லும் மூன்றாம் படைவீடு மலையடியில் இருக்கிற திருவாவினன்குடி. ஆக, அடிவாரம் என்பது மலைக்கோயில் வந்தபிறகு பக்கத்தில் முளைத்த கடைத்தெரு மட்டும் கிடையாது. சனம் கூடுகிற இடமாக அது வெகுகாலமாகவே இருந்திருக்கிறது.

மலையின் அமைப்பும் ஒரு காரணம். பழனி மலைக்குப் படிகள் 693. நடக்கப் பழகிய ஆள் அரைமணி, முக்கால்மணியில் ஏறிவிடுவார். ஏறுவது சுலபம் என்பதால் மேலே தங்க வேண்டிய அவசியம் இல்லை. ராக்காலப் பூஜை முடிந்து பள்ளியறை சாத்தியதும் எல்லாரும் இறங்கிவிட வேண்டும், அதுதான் வழக்கம். இதற்கு ஒரே ஒரு கூட்டத்தார் விதிவிலக்கு. தைப்பூசம் முடிந்த கையோடு எடப்பாடியிலிருந்து காவடி கொண்டு வரும் பருவதராஜகுலத்தார் ஒரு ராத்திரி மலைமேலேயே தங்குவார்கள். டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைவதும் அவர்கள்தான். பல தலைமுறையாக வருகிற உரிமை அது. மற்ற எல்லாருக்கும் ராத்திரி என்றால் அடிவாரம்தான்.

கொங்கில் மற்ற மலைகளைப் பாருங்கள், இதே ஏற்பாடு இருக்காது. திருச்செங்கோட்டில் படி ஆயிரத்துக்கு மேல் போகும். அங்கே தைலி மண்டபம், செங்குந்தர் மண்டபம் என்று வழிநெடுக மண்டபம் கட்டினார்கள். அதெல்லாம் மூச்சு வாங்கி உட்கார, தங்கிப் போக இல்லை. வெள்ளியங்கிரியில் ஏழு மலை. அங்கே பாறை இடுக்கும் குகையும்தான் மண்டபம், பூண்டியில் இறங்கிவந்தால்தான் மேற்கூரை. சென்னிமலையில் 1320 படி இருந்தாலும், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் காலையில் வந்து பொழுது சாயும் முன்னே வீடு திரும்பிவிடலாம். தூரத்திலிருந்து குடும்பத்தோடு, மாட்டோடு, வண்டியோடு வந்து நாலைந்து நாள் உட்காரும் ஊர் என்றால் அது பழனிதான். மடங்கள் இங்கே பெருகியதற்கு அதுவே முதல் காரணம்.

அந்த நாலைந்து நாள் எப்போது வரும்? பழைய கணக்குப்படி தைப்பூசம் செட்டிநாடு, மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு, பங்குனி உத்திரம் கொங்குக்காரர்களுக்கு. தைப்பூசத் தேர் ஊருக்குள் பெரியநாயகி அம்மன் கோயிலை ஒட்டி ஓடும். பங்குனித் தேர் மலையைச் சுற்றி கிரிவீதியில் ஓடும். பங்குனியில் வெள்ளாமை வீடு வந்து சேர்ந்திருக்கும், காட்டில் பெரிய வேலை இருக்காது, காளைகளும் சும்மா நிற்கும். கொடுமுடிக்குப் போய்க் காவிரியில் தீர்த்தம் எடுத்துக் காவடி கட்டி, தாராபுரத்தில் அமராவதியைத் தாண்டி, அலங்கியம் வழியாகப் பழனி போய்ச் சேருவார்கள். அந்தத் தீர்த்தம் மலைமேல் சாமிக்கு அபிஷேகமாகும். நடக்கிறவர்கள் நடக்க, கிழவன் கிழவியும் குழந்தைகளும் கூடாரவண்டியில் வருவார்கள். தாராபுரத்திலிருந்து பழனி முப்பத்தைந்து கிலோமீட்டர் சுமார். பாரம் ஏற்றிய கட்டைவண்டிக்கு அது ஒரு முழுநாள். வெயிலுக்குப் பயந்தால் இரண்டு நாள்.

இப்படி வருகிறவர்களுக்கு என்ன தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்தால் மடத்தின் அமைப்பு தானாகவே புரியும். அறை தேவையில்லை, கட்டில் தேவையில்லை. முதலில் மாட்டுக்குத் தண்ணீர். அதனால் வாசலிலேயே கல்தொட்டி. அப்புறம் வண்டி அவிழ்த்துவிட இடமும் கட்டுத்தறியும். சோளத்தட்டு சொந்த ஊரிலிருந்தே வண்டிக்கு அடியில் கட்டி வரும். பக்கத்தில் ஒரு கொல்லனும் ஆசாரியும் இருந்தால் நல்லது, கடையாணி போகும், பட்டை கழலும், லாடம் தேயும். அச்சுக்கு மசை போட வேண்டும். அதற்கு விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்து வண்டியிலேயே ஒரு குழாயில் தொங்கும். மனிதர்களுக்கு வெயில் படாத திண்ணை, பெண்டு பிள்ளைகளுக்கு உள்கட்டு, பின்னால் கிணறு, பெரிதாக ஓர் அடுப்பு. இவ்வளவுதான் மடம். தொட்டிக்கட்டு வீட்டைக் கொஞ்சம் பெரிதாக்கி, நடுவில் வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் தாழ்வாரமும் விட்டால் அதுதான்.

அந்த அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மடத்தின் உயிர் அங்கேதான் இருந்தது. செங்கல்லும் மண்ணும் வைத்து ஆள் இடுப்பளவு எழுப்பிய கோட்டை அடுப்பு. விறகு தள்ள ஒரு வாய், புகை போக மேலே ஓட்டில் ஒரு திறப்பு. மேலே ஏற்றி வைக்கிற அண்டாவை நாலு பேர் இல்லாமல் இறக்க முடியாது, காதுவளையத்தில் கம்பு கொடுத்துத் தூக்குவார்கள். அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்ட சோறு கொங்குக்காரர்களுக்கு வழிநடைக்கு ஏற்றது. குழம்பு, ரசம் என்று தனியாக வைக்க வேண்டியதில்லை. மேலே நெய் ஊற்றினால் விருந்து, ஊற்றாவிட்டாலும் சாப்பாடு. பழைய மடம் எதிலாவது சாமான் அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பித்தளை அண்டா, குண்டான், செம்புக் கொப்பரை எல்லாவற்றின் கழுத்திலும் உளியால் புள்ளிபுள்ளியாகக் கொத்தின எழுத்து இருக்கும். ஊர்ப் பெயர், கொடுத்தவர் பெயர், வருஷத்தின் பெயர், கடைசியில் "பழனி மடம் உபயம்". பாத்திரம் களவு போகாமலிருக்கத்தான் அப்படிக் கொத்தினார்கள். இன்றைக்கு நமக்கு அது ஒரு சின்ன ஆவணக்காப்பகம். கல்வெட்டு படிக்கிறவர்கள் இந்த அண்டாக்களை ஏன் எடுத்துப் பார்ப்பதில்லை என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறை.

சரி, அரிசி யார் கொடுத்தது? இதற்குப் பழனியில் கிடைத்த செப்பேடுகளே சாட்சி. பல சமூகத்தார் தங்கள் பெயரில் செப்பேடு எழுதி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றின் சங்கதி ஒன்றுதான். இன்ன இன்ன ஊர்ப் பெரியவர்கள் கூடினோம், பழனியில் நமக்கு மடம், அதில் பூஜைக்கும் அன்னத்துக்கும் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு இவ்வளவு தருவது, கல்யாணத்துக்கு இவ்வளவு தருவது என்று ஒப்புக்கொண்டு எழுதியிருப்பார்கள். ராஜா போட்ட வரி அல்ல, தங்கள் தலையில் தாங்களே போட்டுக்கொண்டது. கடைசியில் வழக்கமான சாபம் வரும்: இந்தத் தர்மத்துக்குக் கெடுதல் நினைத்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று. போலீஸும் கோர்ட்டும் இல்லாத ஏற்பாட்டில் அந்தச் சாபம்தான் ஜாமீன்.

வியாபாரிகள் இதையே மகமை என்று பண்ணினார்கள். விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கி வைப்பது. உப்பு வணிகத்துக்காகப் பழனிப் பக்கம் வந்த நகரத்தார், அந்த லாபத்தில் சாமிக்கு ஒரு பங்கு ஒதுக்கத் தொடங்கியதிலிருந்துதான் தங்கள் காவடிப் பயணம் பிறந்தது என்று சொல்கிறார்கள். நானூறு வருஷத்துக்கு மேல் விடாமல் நடந்து வருகிறார்கள். வெள்ளாளர் ஊர்களில் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று ஊர்ப் பொறுப்பாளரான கொத்துக்காரர் வசூலித்துவிடுவார். நெசவு ஊர்களில் தறிக் கணக்கு. பணமாகக் கொடுக்க முடியாதவன் ஒரு வள்ளம் (படி மாதிரி ஓர் அளவு) கம்பு கொடுப்பான், அதுவும் முடியாதவன் ஒரு வண்டி விறகு. ஒருவர் தவறினால் அடுப்பு அணையாது, இன்னொருவர் வீட்டுக் கம்பு உலையில் இருக்கும்.

ஏன் ராஜாக்களை நம்பாமல் இப்படிச் செய்தார்கள்? கொங்குக்கு நெடுங்காலம் நிலையான சொந்த அரசு கிடையாது. நாயக்கர் காலத்தில் மதுரைக்கு ஓரம், பிறகு மைசூருக்கு ஓரம். 1755 வாக்கில் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு மைசூரின் பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, வந்தார். 1792 உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமையோடு பழனியும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. கோயமுத்தூர், தாராபுரம் பக்கம் 1799-ல் திப்பு விழுந்தபிறகுதான் போனது. ஆக, ஒரு ஏழு வருஷம் பழனி கம்பெனியிடம், பழனிக்குக் காவடி தூக்குகிறவன் மைசூரிடம். இப்படி எல்லை மாறிக்கொண்டே இருக்கும் நாட்டில் ஒரு ராஜாவின் மானியத்தை நம்பி உலை வைக்க முடியுமா? என் கணிப்பில் பழனியில் சமூக மடங்கள் இவ்வளவு பெருகியதற்கு இந்த அரசியல் நிலையாமையும் ஒரு காரணம்.

அரசர்கள் சத்திரமே கட்டவில்லை என்று சொல்லவில்லை. 1689 முதல் 1706 வரை மதுரையில் ஆட்சி நடத்திய ராணி மங்கம்மாள் சாலையும் சத்திரமும் கட்டியே பேர் வாங்கியவர். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் அவர் பெயரில் சத்திரம் நிற்கிறது. திண்டுக்கல்லிலிருந்து பழனி வரும் வழியில் ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்ற ஊர்களைத் தாண்டித்தானே வருகிறோம். கோயமுத்தூருக்கு மேற்கே பாலக்காட்டுப் பாதையில் க.க.சாவடி. அந்தப் பாதை எவ்வளவு பழசு என்றால், சுண்டக்காமுத்தூர் பக்கம் சோழர் காலத்து இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இருக்கிறது. வழிப்போக்கனுக்குக் காவல் வேண்டும், தண்ணீர் வேண்டும், தங்க இடம் வேண்டும் என்பது அன்றைக்கே ஆள்பவன் கவலை.

அந்தச் சத்திரங்களுக்கு என்ன ஆயிற்று என்பது காகிதத்தில் நடந்த கதை. அரசர்கள் பணமாகக் கொடுக்கவில்லை, நிலமாகக் கொடுத்தார்கள். சத்திர மானியம் என்று பெயர், அந்த நிலத்து வருமானத்தில் அன்னம் போட வேண்டும். கம்பெனி வந்ததும் 1817-ல் ஏழாம் ரெகுலேஷன் என்று ஒரு சட்டம் போட்டுக் கோயில், மசூதி, சத்திரம், பாலம் எல்லாவற்றின் சொத்துகளையும் ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் கொண்டுவந்தது. பாதிரிமார்களின் எதிர்ப்பு வலுத்தது. கிறிஸ்தவ அரசாங்கம் விக்கிரக ஆராதனையை நிர்வாகம் பண்ணுவதா என்று கேட்டார்கள். கடைசியில் 1863-ல் இருபதாம் சட்டம் வந்தது. கோயில்களிலிருந்து சர்க்கார் கையை எடுத்துக்கொண்டது. ஆனால் சத்திரம் சமயக் காரியம் அல்ல, பொதுத் தர்மம் என்று அதை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டது.

கோயிலும் சத்திரமும் பிரிந்தது இங்கேதான். அதற்குமுன் பக்தன் பார்வையில் இரண்டும் ஒரே புண்ணியம். அதற்குப்பிறகு கோயில் கமிட்டியிடம், சத்திரம் கலெக்டரிடம். 1871-ல் உள்ளூர் நிதிச் சட்டம் வந்து, சத்திரங்கள் பலவும் லோக்கல் ஃபண்ட் போர்டுகளுக்குக் கைமாறின. போர்டுக்காரருக்குச் சத்திரம் ஒரு செலவுக்கணக்கு. ரோடு போட வேண்டும், ஆஸ்பத்திரி நடத்த வேண்டும், இதில் யாரோ வழிப்போக்கனுக்குத் தினம் சோறு ஏன் போட வேண்டும் என்று நினைத்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக அன்னம் நின்றது, தங்க மட்டும் இடம் என்று ஆனது. அப்புறம் அதுவும் நின்று, காலியாகக் கிடக்கிறதே என்று பள்ளிக்கூடமோ ஆபீஸோ உள்ளே வந்தது. தஞ்சைச் சீமையில் மராத்திய மன்னர்கள் அரண்மனை மாதிரி கட்டிய ஒரத்தநாட்டுச் சத்திரத்திலேயே பள்ளிக்கூடமும் மாணவர் விடுதியும் நடந்தன. சின்னச் சத்திரங்களின் நிலையைக் கேட்கவே வேண்டாம்.

மிச்சமிருந்த மானிய நிலங்களும் சுதந்திரத்துக்குப்பிறகு போயின. 1948-ல் எஸ்டேட் (ஜமீன்) ஒழிப்பு, 1963-ல் சில்லறை இனாம் (சின்னச் சின்ன மானிய நிலங்கள்) ஒழிப்பு. உழுதவனுக்கு நிலம் சேர வேண்டும் என்பது நியாயம்தான், நான் அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பதிலாகத் தர்ம ஸ்தாபனங்களுக்கு சர்க்கார் வருஷா வருஷம் தர நிர்ணயித்த தஸ்திக் என்ற படித்தொகை ரூபாயில் நிலையாக நின்றுவிட்டது, அரிசி விலை நிற்கவில்லை. நிலத்தை நம்பி எரிந்த அடுப்புகள் அப்படி அணைந்தன. மகமையை நம்பி எரிந்தவை அணையவில்லை. அரிசி விலை ஏறினால் மகமையையும் ஏற்றிக்கொள்ளலாம், அடுத்த கூட்டத்தில் பேசி முடித்துவிடுவார்கள்.

மடத்தைப் பற்றிப் பெருமை பேசும்போது அதன் வாசலைப் பற்றியும் பேச வேண்டும். உள்ளே நுழைந்தால் காவலுக்கு இருக்கிற பெரியவர் கேட்பது இன்றும் இதுதான்:

"எந்த ஊருங்க தம்பி?"

"சிவன்மலைப் பக்கமுங்க."

"அங்கே எந்தக் கூட்டம்?"

கூட்டம் என்றால் கொங்கு வேளாளரிடம் குலப்பிரிவு. பதில் சொன்னதும் உங்கள் பெரியப்பா பெயர்வரை அவர் சொல்லிவிடுவார், சாவி கைக்கு வரும், காப்பித்தண்ணியும் வரும். சொந்தம் என்றால் இப்படி. சொந்தம் இல்லாதவனுக்கு அதே கேள்விதான் தாழ்ப்பாள். மடங்கள் சாதிக்கணக்கில்தான் பிரிந்திருந்தன. பிறர் மடத்தில் நுழைய முடியாத சமூகங்கள் தாங்களே கூடித் தங்களுக்கு மடம் வைத்துக்கொண்டன. அதற்கும் வழியில்லாதவர்கள் சண்முக நதிக்கரையிலும் தோப்புகளிலும் வண்டிக்கடியிலும் படுத்தார்கள். 1939-லும் 1947-லும் வந்த ஆலயப் பிரவேசச் சட்டங்கள் கோயில் கதவைத் திறந்தன. மடத்துக் கதவு தனிச்சொத்து என்று பல இடங்களில் சாத்தியே இருந்தது. அந்தப் பெரிய காலியிடத்தை நிரப்பியது லாட்ஜும் தேவஸ்தான விடுதியும்தான். காசைக் கொடுத்தால் கூட்டம் கேட்காத முதல் தங்குமிடம் அவை. அந்த ஒரு காரணத்துக்காகவே லாட்ஜை இளக்காரமாகப் பேச எனக்கு மனம் வராது.

லாட்ஜ் வரக் காரணம் ரயில். போத்தனூர் பொள்ளாச்சிப் பாதை 1915-ல் வந்தது. அது பழனி வழியாகத் திண்டுக்கல் வரை நீண்டது 1928-ல். அதுவரை மாடு இருந்தவன்தான் குடும்பத்தோடு வர முடியும். ரயில் வந்ததும் கோயமுத்தூர் மில் தொழிலாளியும் வந்தான். மாடு இல்லாதவனுக்குக் கல்தொட்டியும் கட்டுத்தறியும் எதற்கு? அவன் அரிசி மூட்டையும் கொண்டு வரமாட்டான், ஸ்டேஷனில் இறங்கியதும் ஓட்டல் தேடுவான். நாலைந்து நாள் தங்கல் ஒரு ராத்திரியாகச் சுருங்கியது. கூட்டம் சேர்ந்தால் காலராவும் சேரும் என்பதால், திருவிழாச் சமயத்தில் ஊசி போட்டுக்கொண்டால்தான் ஊருக்குள் விட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சுகாதார அதிகாரிகள் கண்ணுக்கு மடத்துக் கிணறு ஒரு சந்தேகமான பொருளாகிவிட்டது. குழாய்த் தண்ணீர் வந்தபிறகு பல கிணறுகளில் கம்பிவலை போட்டு மூடினார்கள்.

1966-ல் மலைக்கு விஞ்ச் (கம்பியில் இழுக்கிற ரயில்) போட்டார்கள். 2004-ல் ரோப்கார். சாலை நன்றாகி, வீட்டுக்கு வீடு கார் வந்தபிறகு, கோயமுத்தூர்க்காரர் விடிகாலை கிளம்பி, மொட்டை போட்டு, சாமி கும்பிட்டு, பஞ்சாமிர்த டப்பாவோடு மதியச் சாப்பாட்டுக்கு உடுமலையில் நிற்கிறார். தங்குகிறவர்களுக்குத் தேவஸ்தானத்தின் தண்டபாணி நிலையம், வேலவன் விடுதி, கார்த்திகேயன் விடுதி இருக்கின்றன. அன்னத்தையும் கோயிலே ஏற்றுக்கொண்டது. 2012 முதல் பழனியில் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. 1863-ல் பிரிந்த சோறும் சாமியும் ஒன்றரை நூற்றாண்டு கழித்து மறுபடி ஒரு நிர்வாகத்தின் கீழ் வந்திருக்கின்றன. இது யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை.

இதற்கிடையில் மடங்கள் பிழைப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தன. முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம், மற்ற நாளில் வாடகை அறை, பங்குனியில் மட்டும் ஊர்க்காரர்களுக்கு இலவசம். இதைப் பழைய தர்மத்துக்கு வந்த கேடு என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மகமை கொடுக்க ஊரில் ஆள் இல்லை, பாதிப்பேர் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அடுப்புக்கு வேறு வரும்படி வேண்டாமா? வாடகை வருவது தப்பில்லை, அந்த வாடகை எந்த நோட்டில் ஏறுகிறது என்று கேட்கத் தெரிய வேண்டும்.

பழைய மாதிரி மடத்தைப் பார்க்க ஆசையென்றால் தைப்பூசத்துக்கு நாலு நாள் முன்னால் ரோட்டில் போய் நில்லுங்கள். அடிவாரத்தில் குறைந்தது ரோட்டில் வந்துவிட்டது. நடந்து வருகிறவர்களுக்கு மில் வாசலில் ஷாமியானா, பள்ளிக்கூட வராந்தாவில் படுக்கை, சுடுதண்ணீர், கால் பிடித்துவிட எண்ணெய், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் இட்லி. பனியன் கம்பெனிக்காரர், நூல்மில்காரர், லாரி வைத்திருப்பவர், வாட்ஸப் குழுவில் பணம் சேர்க்கிற இளவட்டங்கள் என்று கொடுப்பவர்கள் மாறியிருக்கிறார்கள். வசூல் முறை அதே மகமைதான். இந்தப் பந்தல்களில் எந்தக் கூட்டம் என்று யாரும் கேட்பதில்லை என்பது ஒரு பெரிய வித்தியாசம்.

இனி உங்கள் மடத்துக்கு வருவோம். முதலில் அது யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பத்திரம், பட்டா, டிரஸ்ட் டீடு மூன்றையும் கமிட்டியிடம் கேளுங்கள். அறநிலையத் துறையின் கீழ் வருகிற நிறுவனமாக இருந்தால், 1959 சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி கமிஷனர் அனுமதி இல்லாமல் விற்பதோ அடமானம் வைப்பதோ ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடுவதோ செல்லாது. கட்டுகிற காண்ட்ராக்டருக்கே முப்பது வருஷம் லீஸ் என்று பேச்சு அடிபட்டால் இந்தப் பிரிவை ஞாபகப்படுத்துங்கள். துறைக்கு வெளியே உள்ள பொது டிரஸ்ட் என்றால், நிர்வாகம் தவறும்போது சம்பந்தப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து, கோர்ட் அனுமதியோடு சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். அதற்கு முன்னால் ஒரு நல்ல வக்கீலிடம் காகிதங்களைக் காட்டிவிடுங்கள். எடுத்த எடுப்பில் கோர்ட்டுக்குப் போய்ச் சொந்தபந்தத்தில் பகை வளர்க்காதீர்கள், பேசியே தீர்கிற விஷயமாகத்தான் தோன்றுகிறது.

மடத்துக்கு எப்போதாவது மானிய நிலம் இருந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் இனாம் பதிவேடுகள் இருக்கின்றன. 1858-க்குப்பிறகு இனாம் கமிஷன் ஒவ்வொரு ஊராக விசாரித்து எழுதியது. ஊர்ப் பெயரும் அந்தக் காலத் தாலுகா பெயரும் தெரிந்தால் தேடலாம். தேடும்போது நிலம் இருந்த ஊரைப் பாருங்கள், பழனியை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. காங்கயம் பக்கத்து நிலம் என்றால் அது கோயமுத்தூர் ஜில்லா, தாராபுரம் தாலுகாக் கட்டில் இருக்க வாய்ப்பு அதிகம்.

இடிப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் எல்லாரும் கூடிப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் முன்கட்டையும் திண்ணையையும் விட்டுவிட்டுப் பின்பக்கக் காலியிடத்தில் மாடி எழுப்புவேன். கல்தூணும் தேக்கு உத்தரமும் இன்னும் நூறு வருஷம் நிற்கும், மேலே ஓடு மாற்றினால் போதும். எப்படியானாலும் வேலை தொடங்குவதற்கு முன்னால் சாமான் அறையைத் திறந்து, ஒவ்வொரு பாத்திரத்தின் கழுத்து எழுத்தையும் மாவு தடவிப் போட்டோ எடுத்துவிடுங்கள். வாசல் நிலையிலும் கிணற்றுக் கல்லிலும் எழுத்து இருக்கிறதா என்று சுண்ணாம்பைச் சுரண்டிப் பாருங்கள். பழைய வரவு செலவு நோட்டுகள் யார் வீட்டுப் பரணில் இருக்கின்றன என்று கமிட்டியில் வயசானவரைக் கேளுங்கள். பழைய பித்தளையை எடைக்குப் போடுவது என்று தீர்மானம் வந்தால், அந்த ஒரு தீர்மானத்துக்கு மட்டுமாவது எழுந்து நின்று மறுப்புச் சொல்லுங்கள்.